சூளையின் இரு தீக்கள்

கலையார்வம் ஒன்று; அக்கலையை நிலைபெறச் செய்யும் தொழிலறிவு மற்றொன்று. இவ்விரண்டும் ஒரே குடும்பத்தில் மோதிப் பின்னர் இணங்கிய வரலாற்றை இன்று கூற விரும்புகிறேன். அது பெர்னார்ட் லீச் என்னும் ஆங்கிலக் குயவரின் வரலாறு.

1887-ஆம் ஆண்டு ஹாங்காங்கில் பிறந்த லீச், 1909-இல் ஓவியராக ஜப்பான் சென்றார். 1911-இல் ஒரு விருந்தில், மெருகிடாத மண்கலங்களை விருந்தினரிடம் கொடுத்துச் சித்திரம் தீட்டச் சொன்னார்கள். அவை மெருகு பூசப்பெற்றுச் சிறு சூளையில் வெந்து, சற்று நேரத்தில் செந்தணலாய் வெளிவந்தன. தாம் தீட்டிய கோடுகள் நெருப்பில் நிலைபெற்றதைக் கண்ட லீச், குயத்தொழிலே தம் வழி எனத் துணிந்தார்; கென்சான் என்னும் பழைய மரபின் ஆறாம் ஆசிரியரிடம் பயின்றார்.

1920-இல் ஹமாடா ஷோஜி என்னும் ஜப்பானியக் குயவருடன் இங்கிலாந்து திரும்பி, கார்ன்வால் பகுதியிலுள்ள செயிண்ட் ஐவ்ஸ் ஊரில் தொழிற்கூடம் நிறுவினார். அங்கே ஜப்பானிய முறையில் படிப்படியாக உயரும் அறைகளுடன் சூளை எழுந்தது. ஓர் அறையின் தீ அடுத்த அறைக்கும் சென்று உதவும், வெப்பம் வீணாகாது. கீழ்த்திசைக் கலங்களைப் போற்றிய அவர் கண்களுக்கு, 17-ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் குயவர்கள் களிக்குழம்பால் கோலமிட்ட மட்கலங்களின் அழகும் புலப்பட்டது. அயல்நாட்டுக் கல்வி அவருக்குத் தாய்நாட்டைக் காட்டிற்று.

ஆயினும், அன்றாடம் புழங்கும் கலங்களை எளியோரும் வாங்க வேண்டும் என்ற அவர் நோக்கம் எளிதில் நிறைவேறவில்லை. அவ்வூரில் விறகு அரிது. மண்ணும் தொழிலுக்கு முற்றும் ஏற்றதன்று. சூளையில் பழுதான கலங்கள் பல. புரவலர் உதவியின்றித் தொழில் நடத்துவதே கடினமாயிற்று.

1934-இல் லீச் மீண்டும் ஜப்பான் சென்றிருந்தபோது, மூத்த மகன் டேவிட், ஆலைப் பீங்கானுக்குப் பேர்பெற்ற ஸ்டாஃபர்ட்ஷயர் சென்று தொழில்நுட்பம் பயின்றார். எந்த ஆலை முறைக்கு மாற்றாகத் தந்தை தொழிற்கூடம் கண்டாரோ, அம்முறையின் தலைமையிடம் அது! தந்தை மனம் ஒப்பவில்லை. மகனோ திரும்பிவந்து மண்கலவையைச் சீராக்கினார். எண்ணெயால் சூளையெரிக்கும் முறையைக் கொணர்ந்தார். வடிவம் மாறாத கோப்பைகளும் கிண்ணங்களும் குடுவைகளும் கையாலேயே வனையப்பட்டு விலைப்பட்டியலுடன் விற்பனையாயின. தொழிற்கூடத்தைத் தாங்கியவை அவையே.

லீச் 1940-இல் வெளியிட்ட குயத்தொழில் நூல் அவர் புகழை உலகெங்கும் பரப்பிற்று. 1979-இல் அவர் மறைந்தார்.

வரலாற்று வகுப்பில் என் மாணவரிடம் நான் இரு வினாக்களைச் சேர்த்தே கேட்பது வழக்கம்: தொடங்கியவர் யார்? நிலைக்கச் செய்தவர் யார்? செயிண்ட் ஐவ்ஸ் சூளைக்கும் அவ்விரு வினாக்களும் பொருந்தும். தந்தையின் கனவு இல்லையேல் அச்சூளை எழுந்திராது. மகனின் கணக்கு இல்லையேல் அது நெடுங்காலம் எரிந்திராது.