ரெசிடென்ட் ஈவில்

ரெசிடென்ட் ஈவில் என்பது ஜப்பானின் ஒசாக்கா நகரைத் தலைமையிடமாகக் கொண்ட காப்காம் நிறுவனம் 1996 ஆம் ஆண்டு முதல் வெளியிட்டு வரும் திகில் நிகழ்பட ஆட்டத் தொடர் ஆகும். ஜப்பானில் இது பயோஹசார்ட் என்ற பெயரில் வெளியாகிறது. அப்பெயரில் ஓர் ஆட்டமும் நியூயார்க்கைச் சேர்ந்த ஓர் இசைக்குழுவும் ஏற்கனவே இருந்தமையால், அமெரிக்க வெளியீட்டிற்கு வேறு பெயர் சூட்டப்பட்டது. இத்தொடரின் ஆட்டங்கள் 10 கோடிக்கும் மேற்பட்ட படிகள் விற்பனையாகியுள்ளன.

தோற்றம்

இத்தொடரின் வேர் 1989 இல் காப்காம் வெளியிட்ட சுவீட் ஹோம் என்னும் ஆட்டத்தில் உள்ளது. பேய் மாளிகையில் சிக்கியோர் குறைந்த பொருட்களுடன் தப்பிப்பதே அதன் கதை. அதை இயக்கிய தொக்குரோ புஜிவாரா, அதே போக்கில் புதிய ஆட்டமொன்றை உருவாக்கும் பொறுப்பை சின்ஜி மிக்காமியிடம் ஒப்படைத்தார்.

பாத்திரத்தின் கண்வழியே காட்சிகளைக் காணும் முழு முப்பரிமாண ஆட்டமாகவே இது முதலில் திட்டமிடப்பட்டது. ஆனால் முதல் பிளேஸ்டேசனின் முதன்மை நினைவகம் 2 மெகாபைட்டு மட்டுமே. விரும்பிய தரத்தில் ஒரு மாளிகை முழுவதையும் அதில் நொடிக்கு நொடி வரைந்து காட்ட இயலவில்லை. எனவே பின்னணிகள் முன்னரே வரையப்பட்ட அசையாப் படங்களாகக் குறுவட்டில் சேமிக்கப்பட்டன. மனிதரும் நடைபிணங்களும் மட்டும் அவற்றின் மேல் முப்பரிமாணத்தில் இயங்கினர். 1992 இல் வெளியான அலோன் இன் த டார்க் என்னும் பிரெஞ்சு ஆட்டம் இம்முறைக்கு முன்னோடி.

பின்னணி அசையாப் படமாதலால் கேமராவின் கோணமும் அசையாது. வளைவுக்கு அப்பால் நிற்பது எதுவென ஆட்டக்காரர் காண முடியாது. முனகல் ஒலி மட்டும் கேட்கும். அடுத்த அறையின் தரவு குறுவட்டிலிருந்து ஏறும் நேரத்தை மறைக்க, இருளில் ஒரு கதவு மெல்லத் திறக்கும் காட்சி காட்டப்பட்டது. வன்பொருளின் குறைபாடு அச்சமூட்டும் உத்தியாக மாறியதற்கு இதனினும் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

ஆட்டமுறை

தோட்டாக்கள் குறைவு. கிறிஸ் ரெட்ஃபீல்டு 6 பொருட்களையும் ஜில் வாலண்டைன் 8 பொருட்களையும் மட்டுமே சுமக்கலாம். ஆட்ட நிலையைச் சேமிக்கத் தட்டச்சுப் பொறியைத் தேடிச் செல்ல வேண்டும். ஒவ்வொரு சேமிப்பிற்கும் ஒரு மை நாடா செலவாகும். (நம் ஊர்த் தட்டச்சுப் பயிலகங்களில் பயின்றோர் அறிந்த அதே மை நாடாதான்.) சேமிக்காமல் இறந்தால் கடந்து வந்த தொலைவு முழுவதும் வீண். ஆகவே ஒவ்வொரு பகையையும் சுடுவதா, சுற்றிக்கொண்டு ஓடுவதா என்ற கணக்கே ஆட்டத்தின் உயிர்நாடி.

தொடர்ச்சிகள்

இரண்டாம் ஆட்டத்தை இதெக்கி காமியா இயக்கினார். பெரும்பகுதி முடிந்த நிலையில், நிறைவளிக்கவில்லை என்று கூறி அது கைவிடப்பட்டது. எளிய அலுவலகம் போலிருந்த காவல் நிலையம், முன்னர் அருங்காட்சியகமாக இருந்த பழைய கட்டடமாக மாற்றப்பட்டு, 1998 இல் ஆட்டம் வெளியானது. 1999 இல் வந்த மூன்றாம் ஆட்டத்தில் நெமசிஸ் என்னும் அரக்கன் அறை விட்டு அறை துரத்தி வருவான். அதுவரை கதவைக் கடந்தால் பெரும்பாலும் பாதுகாப்பு என்றிருந்த எண்ணம் அத்துடன் தகர்ந்தது.

நான்காம் ஆட்டம் பலமுறை புதிதாகத் தொடங்கப்பட்டது. கைவிடப்பட்ட வடிவங்களுள் ஒன்று டெவில் மே கிரை (2001) என்ற தனி ஆட்டமாயிற்று. மிக்காமியின் இயக்கத்தில் 2005 இல் வெளியான இறுதி வடிவில் கேமரா நாயகனின் தோளுக்குப் பின்னால் வந்தது. சேமிக்க மை நாடா தேவையில்லை. வீழ்த்தப்பட்ட பகைவரிடமிருந்தே தோட்டாக்கள் கிடைத்தன. டெட் ஸ்பேஸ் உள்ளிட்ட பல ஆட்டங்கள் இப்பார்வைக் கோணத்தைப் பின்பற்றின.

ஆயினும் அச்சம் குறைந்து சண்டை மிகுந்தது இதிலிருந்துதான். ஆப்பிரிக்காவைக் களமாகக் கொண்ட ஐந்தாம் ஆட்டம் (2009) விற்பனையில் வென்றாலும், கறுப்பின மக்களைச் சித்தரித்த விதத்திற்காகக் கண்டிக்கப்பட்டது. ஆறாம் ஆட்டம் (2012) வெடிப்புகளும் துரத்தல்களும் நிறைந்த அதிரடிப் படம் போலாகி, நிறுவனம் எதிர்பார்த்த விற்பனையை உரிய காலத்தில் எட்டவில்லை.

2017 இல் வெளியான ஏழாம் ஆட்டம் லூசியானாவின் சதுப்பு நிலத்தில் ஒற்றை வீட்டிற்குள் திரும்பியது. காட்சிகள் பாத்திரத்தின் கண்வழியே விரிந்தன; 1996 இல் வன்பொருளால் இயலாமற்போன திட்டம் 21 ஆண்டுகள் கழித்து நிறைவேறியது எனலாம். எட்டாம் ஆட்டமான வில்லேஜ் 2021 இல் வெளியானது. ஒன்பதாவது முதன்மை ஆட்டம் 2025 இல் அறிவிக்கப்பட்டது.

2002 முதல் 2016 வரை மில்லா யோவோவிச் நடிப்பில் 6 திரைப்படங்களும் வெளிவந்தன. அவற்றின் கதை ஆட்டங்களின் கதையிலிருந்து பெரிதும் விலகியது.

பழைய ஆட்டங்களும் மீளுருவாக்கப்பட்டு வருகின்றன. 2019 இல் வெளியான இரண்டாம் ஆட்டத்தின் மீளுருவாக்கத்தில் கேமரா தோளுக்குப் பின்னால் உள்ளது. ஆட்ட நிலை தானாகவும் சேமிக்கப்படுகிறது. மிகக் கடினமான நிலையைத் தேர்வு செய்வோருக்கு மட்டும் மை நாடா மீண்டும் தேவைப்படுகிறது.