அரியலூர்க் கல்லும் ஒரு இமயமலைப் பூவும்

அரியலூர்ல யார்கிட்டயாவது ஸ்டோலிச்கான்னு சொன்னா, "எந்த சிமெண்ட் கம்பெனிங்க?"ன்னு கேப்பாங்க. நானும் அப்படித்தான் இருந்தேன். வீட்டு முன்னாடி பாறைத் தோட்டம் போடலாம்னு படிச்சப்போதான் அவர் பேர் கண்ணில் பட்டது.

பாறைத் தோட்டம் வைக்கும் ஐரோப்பியர்களுக்கு சாக்ஸிஃப்ரேஜ் என்றால் உயிர். லத்தீனில் 'கல்லை உடைப்பது' என்று அர்த்தம். பனிமலைப் பாறை இடுக்கில் குட்டி மெத்தை மாதிரி படரும் செடி. சரளை கலந்த மண் வேணும், வேரில் தண்ணி தேங்கக் கூடாது, நல்ல குளிர் வேணும். சில வகைகள் சுண்ணாம்புக்கல்லில்தான் செழிக்கும். உறிஞ்சின சுண்ணாம்பை இலை ஓரத்தில் வெள்ளைப் புள்ளியாகக் கக்கி வைக்கும். சுண்ணாம்புக்கல் நம்மகிட்ட இல்லாததா! ஆனா பெரம்பலூர் சித்திரை வெயிலை அது எங்கே தாங்கப் போகுது?

இதில் ஒரு இமயமலை வகைக்குப் பேர் சாக்ஸிஃப்ராகா ஸ்டோலிட்ஸ்கே. அந்தப் பேருக்குரியவர் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா. 1838ல் மொராவியாவில், அதாவது இன்றைய செக் நாட்டில் பிறந்தவர். 1862ல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தார்.

அப்போ நம்ம பக்கமெல்லாம் திருச்சிராப்பள்ளி ஜில்லா. ஹென்றி பிளான்ஃபோர்ட் என்பவர் இங்குள்ள பாறைகளை ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்திருந்தார். டைனோசர் காலத்தில் இது கடலடி. இந்தப் பாறைகளில் கிடைச்ச சிப்பி, நத்தை, அம்மோனைட் எல்லாத்தையும் ஒவ்வொண்ணாப் பார்த்து, வரைபடங்களோட பெரிய பெரிய தொகுதிகளா எழுதினவர் ஸ்டோலிச்கா. அந்த வேலை முடிஞ்சது 1873ல்.

அதே வருஷம் யார்க்கண்டுக்குப் போன தூதுக்குழுவோடு கிளம்பினார். திரும்பும் வழியில், 1874 ஜூன் 19 அன்று, லடாக்கில் மலை உயரம் ஒத்துக்காம இறந்துபோனார். வயசு 36. லே நகரத்தில் புதைச்சு நினைவுத்தூண் வெச்சிருக்காங்க.

எங்கேயோ ஒரு தோட்டத்தில் அவர் பேரில் வருஷா வருஷம் பூ பூக்குது. இங்கே அவர் எண்ணி எழுதின கல்லெல்லாம் லாரி லாரியா சூளைக்குப் போகுது. சிமெண்ட் வேணாம்னு சொல்லல, நானும் அதில் கட்டின வீட்டில்தான் இருக்கேன். ஆனா உடைக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை பார்க்கலாமில்ல?

என் கல்லிடுக்கில் இப்போ சிறுபீளைதான் வளருது. பொங்கலுக்குக் காப்புக் கட்டுவோமே, அதேதான். கல்லடைப்புக்கு நாட்டு வைத்தியத்தில் கொடுக்கிறதும் அதைத்தான். ஆக நம்ம ஊர்க் 'கல்லுடைப்பான்'!

அடுத்த தடவை வாரணவாசி அருங்காட்சியகத்துக்குப் போனீங்கன்னா, அம்மோனைட்டைப் பார்த்துட்டு அந்த மொராவியாக்காரரையும் ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க.