பிக்கப் ட்றக்: ஒட்டுச்சீட்டில் உள்ள லீற்றரும் வீதியில் எரியும் லீற்றரும்

கனடாவில் பல ஆண்டுகளாக மிக அதிகம் விற்பனையாகி வருவது கார் அல்ல, ஃபோர்ட் எஃப் வரிசை பிக்கப் ட்றக். கூரை வேலை, பெயின்ற் வேலை, புல்வெட்டு, பனி அகற்றல் என்று சொந்தத் தொழில் செய்யும் நம்மவர்களும் எஃப்-150, ஷெவ்ரொலே சில்வராடோ, ஜி.எம்.சி சியெரா, ராம் 1500, ரொயோட்டா டன்ட்ரா போன்றவற்றைத்தான் வாங்குகிறார்கள். மாதத் தவணையில் இருபது டொலர் குறைக்க ஒரு மணி நேரம் பேரம் பேசும் நாம், அந்த வாகனம் ஆண்டுக்கு எவ்வளவு பெற்றோல் குடிக்கும் என்பதைப் பெரும்பாலும் கேட்பதில்லை. கேட்டாலும் கிடைக்கும் பதில் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் எண்தான். அந்த எண் பொய் அல்ல. ஆனால் அது எந்தச் சூழ்நிலைக்கான எண் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒட்டுச்சீட்டு எப்படி உருவாகிறது?

பரிசோதனை வீதியில் நடப்பதில்லை. ஆய்வுகூடத்தில், உருளைகளின் மேல் சக்கரங்களைச் சுழல விட்டு அளக்கிறார்கள். 2015 மாதிரி ஆண்டிலிருந்து கனடாவில் ஐந்து வகை ஓட்டங்கள் கணக்கில் எடுக்கப்படுகின்றன: நகரம், நெடுஞ்சாலை, அதிவேகம், 35 பாகை வெப்பத்தில் குளிரூட்டியுடன் ஓட்டம், மறை 7 பாகைக் குளிரில் ஓட்டம். அமெரிக்காவில் இந்த முறை 2008 மாதிரி ஆண்டிலேயே வந்துவிட்டது. அதற்கு முந்திய கனேடிய முறையில் இரண்டு ஓட்டங்கள் மட்டுமே இருந்தன. ஆகவே 2014 அல்லது அதற்கு முந்திய ட்றக் ஒன்றைப் பழையதாக வாங்குபவர்கள், அதன் அசல் ஒட்டுச்சீட்டு எண்ணைவிட 10 முதல் 20 வீதம் கூடுதலாகவே எதிர்பார்க்க வேண்டும்.

பரிசோதனையில் ட்றக்கின் வெற்று எடையோடு ஏறத்தாழ 136 கிலோ மட்டுமே சேர்க்கப்படுகிறது. அதாவது இரண்டு ஆட்கள். ஏணி, கருவிப் பெட்டி, ஓடுகள், பின்னால் இழுக்கும் ரெய்லர் எதுவும் அதில் இல்லை. ‘கலவை’ என்று பெரிதாகப் போடப்படும் எண், 55 வீதம் நகரம், 45 வீதம் நெடுஞ்சாலை என்ற கணக்கில் வருவது.

இன்னொன்று: மொத்த எடை வரம்பு 3,856 கிலோவுக்கு மேல் உள்ள பிக்கப்களுக்கு இந்த ஒட்டுச்சீட்டே கட்டாயம் இல்லை. பனி தள்ளும் வேலைக்காக எஃப்-250, ராம் 2500 போன்றவற்றை வாங்குபவர்கள் ஒப்பிட எண் ஏதுமின்றித்தான் வாங்குகிறார்கள்.

கலன் குழப்பம்

அமெரிக்கக் கலன் 3.785 லீற்றர், பிரித்தானியக் கலன் 4.546 லீற்றர். ‘கலனுக்கு 24 மைல்’ என்று யாராவது சொன்னால் எந்தக் கலன் என்று கேளுங்கள். பிரித்தானியக் கலனில் 24 மைல் என்பது அமெரிக்கக் கலனில் 20 மைல்தான். 235 என்ற எண்ணை அமெரிக்க மைல் கணக்கால் வகுத்தால் 100 கிலோமீற்றருக்கான லீற்றர் கிடைக்கும். 20 மைல் என்றால் ஏறத்தாழ 11.8 லீற்றர்.

ஊரில் பழகிய ‘லீற்றருக்கு இத்தனை கிலோமீற்றர்’ கணக்கும் நம்மை ஏமாற்றக்கூடியது. சிறிய கார் 6 லீற்றரிலிருந்து 5 லீற்றருக்கு இறங்கினால், லீற்றருக்கு 16.7 கிலோமீற்றர் 20 ஆகிறது. பெரிய முன்னேற்றம் போல் தெரியும். ட்றக் 15 லீற்றரிலிருந்து 13க்கு இறங்கினால், 6.7 கிலோமீற்றர் 7.7 ஆகிறது, அற்பம் போல் தெரியும். உண்மையில் மிச்சமாவது முதலாவதில் ஒரு லீற்றர், இரண்டாவதில் இரண்டு லீற்றர்.

மேலதிக பெற்றோல் எங்கே போகிறது?

முதல் காரணம் வேகம். பிக்கப்பின் முகப்பு உயரமான சுவர் போன்றது. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. மணிக்கு 100 கிலோமீற்றரிலிருந்து 120க்குப் போனால் தடை 44 வீதம் அதிகம். சாதாரண வாகனத்துக்கே இதனால் எரிபொருள் ஏறத்தாழ 20 வீதம் கூடும் என்று கனேடிய இயற்கை வள அமைச்சு சொல்கிறது. பின்கதவைத் திறந்துவிட்டு ஓட்டினால் மிச்சம் என்பது கட்டுக்கதை. கதவு மூடியிருக்கும்போது பெட்டிக்குள் சுழலும் காற்று ஒரு மெத்தை போல நின்று மேலே வரும் காற்றை வழுக்கவிடுகிறது.

இரண்டாவது குளிர். 25 பாகையில் ஓடுவதைவிட மறை 7 பாகையில் பெற்றோல் வாகனத்தின் சிக்கனம் ஏறத்தாழ 15 வீதம் குறைகிறது. குறுந்தூர ஓட்டங்களில் 24 வீதம் வரை போகும். கலப்பின வாகனங்களில் இழப்பு இதைவிட அதிகம். வெப்பநிலை ஒவ்வொரு 5 பாகை இறங்கும்போதும் ரயர் காற்றழுத்தம் ஏறத்தாழ ஒரு பி.எஸ்.ஐ. குறையும். காலையில் வீட்டுக்குள் இருந்தபடியே ரிமோட்டில் இயக்கிவிட்டுச் சூடாக விடுவதும் மணிக்கு ஒன்று முதல் இரண்டு லீற்றரை ஓடாமலே எரிக்கிறது.

மூன்றாவது ரெய்லர். உயரமான மூடிய ரெய்லரை நெடுஞ்சாலையில் இழுத்தால் எரிபொருள் ஏறத்தாழ இரட்டிப்பாகும். இங்கே எடையைவிடக் காற்றுத்தடைதான் பெரிய குற்றவாளி.

எந்த இயந்திரம் யாருக்கு?

2021 எஃப்-150 நல்ல உதாரணம். நான்கு சக்கர இயக்கத்துடன் 3.5 லீற்றர் டேர்போ இயந்திரத்துக்கு அமெரிக்க அரசின் மதிப்பீடு நகரில் 18 மைல், நெடுஞ்சாலையில் 23 மைல். அதே ட்றக்கின் கலப்பின வகைக்கு இரண்டிலும் 24. லீற்றரில் சொன்னால், நகரில் 13.1 லீற்றர் 9.8 ஆகிறது; நெடுஞ்சாலையில் 10.2 லீற்றர் 9.8 ஆகிறது. ஸ்காபரோவுக்குள் நாள் முழுக்க நின்று நின்று ஓடுபவருக்குக் கலப்பினம் 100 கிலோமீற்றருக்கு மூன்று லீற்றருக்கு மேல் மிச்சப்படுத்தும். மொன்றியலுக்கும் ஒட்டாவாவுக்கும் ஓடுபவருக்கு அரை லீற்றர்கூடக் கிடையாது. நீண்ட நெடுஞ்சாலை ஓட்டத்துக்கு ஜெனரல் மோட்டோர்ஸின் 3 லீற்றர் டீசல் பொருத்தமானது. ஆனால் டீசலின் விலையையும் பராமரிப்பையும் சேர்த்தே கணக்குப் பாருங்கள்.

நாமே அளப்பது எப்படி?

திரையில் காட்டும் சராசரியை மட்டும் நம்ப வேண்டாம். பல வாகனங்களில் அது கொஞ்சம் தாராளமாகவே காட்டும். தாங்கியை நிரப்பி, ஓடிய தூரத்தைப் பூச்சியமாக்குங்கள். அடுத்த முறை அதே பம்பில், கைபிடி தானாக நிற்கும் வரை நிரப்புங்கள். நிரப்பிய லீற்றரை ஓடிய கிலோமீற்றரால் வகுத்து 100ஆல் பெருக்குங்கள். குறைந்தது ஐந்து தாங்கிகளின் சராசரியை எடுங்கள். கோடைக்கும் குளிர்காலத்துக்கும் தனித்தனியாக எழுதி வையுங்கள். பெரிய ரயர் மாட்டியிருந்தால் தூரமானி உண்மையைவிடக் குறைவாகக் காட்டும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

பணத்தில் எவ்வளவு?

ஆண்டுக்கு 25,000 கிலோமீற்றர் ஓடும் ஒருவரை எடுப்போம். ஒட்டுச்சீட்டில் 12 லீற்றர் என்றால் 3,000 லீற்றர். ஏணி, குளிர், வேகம் எல்லாம் சேர்ந்து 15 ஆகினால் 3,750 லீற்றர். லீற்றர் ஒன்றரை டொலர் என்று வைத்தால் வித்தியாசம் ஆண்டுக்கு 1,125 டொலர். ஐந்து ஆண்டுத் தவணைக் காலத்தில் 5,625 டொலர். வேலைக்கு விலை கொடுக்கும்போது இதைச் சேர்க்காத ஒப்பந்தக்காரர் தன் இலாபத்தைத்தான் எரிக்கிறார்.

ஆகவே வாங்குவதற்கு முன் மூன்று கேள்விகள்: வாரத்தில் எத்தனை நாள் உண்மையில் பாரம் ஏற்றுவோம்? ஓட்டம் நகருக்குள்ளா, நெடுஞ்சாலையிலா? ரெய்லர் மாதத்துக்கு ஒரு முறைதான் என்றால், அன்று மட்டும் ட்றக்கை வாடகைக்கு எடுத்தால் போதாதா? பதில்கள் ட்றக் வேண்டும் என்றே வந்தால் தயங்காமல் வாங்கலாம். அப்போது ஒட்டுச்சீட்டு எண்ணோடு கால்வாசியைக் கூட்டி வரவுசெலவைப் போட்டுக்கொள்ளுங்கள். அதிலும் குறைவாகச் செலவானால் அந்த மிச்சம் உங்களுடையது.