467 கிணறுகளில் 350

திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களைச் சேர்ந்த 13 கிராமங்களில் பிறந்தது இந்தக் கணக்கு. குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட கிணறுகளை 'பீஸ் மெம்பர்ஸ்' என்ற தன்னார்வ அமைப்பு எண்ணியது. மொத்தம் 467, அவற்றில் 350 தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் கெட்டுப்போயிருந்தன. பச்சைத் தோல் அழுகாமலிருக்க உப்புப் போட்டு வைப்பார்கள். 'தோல் ஷாப்' என்று ஊரார் சொல்லும் அந்த ஆலையில் ஊறவைக்கும்போது அந்த உப்பு கழிவுநீரோடு மண்ணில் இறங்கும். வாளியில் மொண்டு ஒரு வாய் வைத்தால் நாக்கு கரிக்கும். பெண்களும் பிள்ளைகளும் குடிதண்ணீருக்கு மைல் கணக்கில் நடந்தார்கள்.

ஒரு கிணற்றைக் 'கெட்டது' என்று எழுதுவது சின்ன விஷயமில்லை. காட்டின் விலை இறங்கும். தண்ணியில்லாத ஊருக்கா பொண்ணு கொடுப்பது என்று சம்பந்தம் தட்டிப்போகும். தோல் ஷாப்பில் கூலிக்குப் போகிறவருக்கு வாய் திறக்கவே பயம் இருக்கும். அதனால், கேட்கப் போகிறவர் முதலில் சொல்ல வேண்டியவை உண்டு: எதற்காகக் கேட்கிறேன், இது எங்கே போகும், உங்கள் பெயர் வருமா வராதா. வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும்.

கணக்கு டெல்லிக்குப் போனது. தோல் ஆலைகளின் மாசுக்கு எதிராக வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு அளித்த தீர்ப்பில் அதுவும் இடம்பெற்றது. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்பது இந்தியச் சட்டத்தின் பகுதி என அந்தத் தீர்ப்பு உறுதியாகச் சொன்னது. திண்டுக்கல் உட்பட ஐந்து மாவட்டத் தோல் ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம். பாதிக்கப்பட்ட குடும்பங்களைக் கண்டறிந்து இழப்பீட்டைக் கணக்கிடத் தனி ஆணையம் அமைக்கவும் உத்தரவானது. கிணற்றடியில் எண்ணிய எண் நாட்டின் உச்ச நீதிமன்றம்வரை ஏறியதே பெரிய காரியம்.

ஆனால் தீர்ப்பின் ஆங்கில வாசகத்தில் ரெட்டியார்சத்திரம், 'பெட்டியார் சத்திரம்' என்று இருக்கிறது. எந்த மேசையில் எழுத்து மாறியதோ! அந்த ஊர்க்காரர் யாரிடம் காட்டியிருந்தாலும் ஒரு நொடியில் திருத்தியிருப்பார். தன் தண்ணீரைப் பற்றிய வாசகத்தை அந்த ஊர் முதலில் படித்திருக்க வேண்டும்; அது மரியாதை மட்டுமல்ல, கணக்கு பிழையில்லாமல் இருக்கவும் அதுவே வழி.

பாட்டிலும் நோட்டுமாகக் கிராமத்துக்குப் போகும் மாணவர்களே, ஆய்வாளர்களே: முடிவை ஊர் மந்தையில் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். ஒரு நகலை அங்கேயே கொடுத்துவிட்டு வாருங்கள்.