தோட்டத்துச் சேமிப்பும் வஞ்சகர் வலையும்

மலேசியாவின் சிரம்பானைச் சூழ்ந்த ரப்பர்த் தோட்டங்களிலே, விடியுமுன் மரம் சீவப் புறப்பட்ட நம் மூதாதையர், பரஸ்பர விசுவாசம் ஒன்றையே பிணையாகக் கொண்டு, தோட்டக் குடியிருப்பான லயத்துக்குள்ளேயே, ஆளுக்கொரு பங்கு போட்டு முறைவைத்து எடுக்கும் ‘கூட்டு’க் கட்டிச் சேமித்தனர்; அக்கூட்டு நடத்துவதைத் தொழிலாகக் கொள்வதை 1971ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கிற்று. அதற்கு முன்பே, தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், மலாயா இந்தியர் தலைவரான துன் சம்பந்தன் 1960இல் நிறுவிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், பதிவும் கணக்கும் பொறுப்பும் உடைய சேமிப்பு இன்னதென்று தொழிலாளருக்குக் காட்டிற்று.

இன்று கைபேசி வழியே வரும் போலித் தரகரோ, நிச்சய லாபம் பேசி, அவசரப்படுத்தி, தனிநபர் கணக்கில் பணம் பெற்று, அதைத் திருப்பிக் கேட்டால் மேலும் கட்டணம் கோருகின்றனர். 1993இல் தோன்றிய மலேசியப் பங்குப் பத்திர ஆணையத்தின் உரிமப் பட்டியலில் இல்லாதவரிடம் ஒரு வெள்ளியும் கொடாதீர். ஏமாந்தவர் தாமதியாமல் மோசடிப் புகாருக்கான 997 என்ற எண்ணை அழைப்பாராக.