கைக்கு எட்டிய கியர்

1902-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் மலைப்பாதையில் மிதிவண்டிகளைச் சோதித்துப் பார்த்தார்கள். எந்த அமைப்புடைய வண்டி ஏற்றத்தில் நன்றாக ஏறுகிறது என்பதே கேள்வி. ஆண்கள் நிறைந்த அந்தச் சோதனையில் மார்த் ஹெஸ் என்ற பெண்மணியும் கலந்து கொண்டார். அவர் ஓட்டியது கோலுவாஸ் என்னும் வண்டி; அதில் மூன்று கியர்கள் இருந்தன. வலிமை மிக்க ஆடவர் பலர் செங்குத்தான இடங்களில் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தபோது, அந்தப் பெண்மணி காலைத் தரையில் ஊன்றாமலே மலையைக் கடந்து விட்டார்.

இதைக் கண்டு கியரின் பெருமையை உலகம் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும் அல்லவா? நடந்தது வேறு. பந்தய உலகில் பெருஞ் செல்வாக்குடைய பத்திரிகை ஆசிரியர் ஆன்றி தெகிராஞ்சு, கியர் என்பது 45 வயதைத் தாண்டியவர்களுக்கு உரியது என்று எழுதினார். தசை வலிமையால் வெல்வதே வீரம். கருவியின் தயவால் வெல்வது வீரமன்று என்பது அவருடைய கட்சி. அடுத்த ஆண்டு, 1903-இல், புகழ் பெற்ற ‘தூர் த பிரான்சு’ பந்தயத்தைத் தொடங்கி வைத்தவரும் அவரே. அதனால் அவருடைய கருத்து நெடுங்காலம் சட்டமாகவே நின்றது. கியர் மெலிந்தவர்களுக்கும் பெண்களுக்கும் உரிய ஊன்றுகோல் என்ற எண்ணம் அன்று வேரூன்றியது.

அவருடைய கட்சி சரியா என்று கணக்குப் போட்டே பார்த்து விடலாம். பந்தய வண்டியின் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் சுமார் 2.1 மீட்டர் நகரும். முன்னே மிதியோடு இணைந்த பற்சக்கரத்தில் 52 பற்களும் பின்னே 13 பற்களும் இருந்தால், மிதியை ஒரு முறை சுற்றும்போது பின்சக்கரம் நான்கு முறை சுற்றும், வண்டி 8.4 மீட்டர் ஓடும். சமதரையில் இது மிக நன்று. மலையிலோ ஒவ்வொரு மிதிக்கும் உடலையும் வண்டியையும் அத்தனை தூரம் மேலே தூக்க வேண்டியிருக்கும். முன்னே 34, பின்னேயும் 34 பற்கள் என்று மாற்றினால், ஒரு மிதிக்கு 2.1 மீட்டர்தான் நகர்வோம். தேவையான விசை கால் பங்காகிறது. மிதிக்க வேண்டிய சுற்றுகள் நான்கு மடங்காகின்றன. உச்சிக்கு ஏறச் செய்யும் மொத்த வேலை குறையவில்லை. ஆகவே கியர் யாருக்கும் வலிமையை இனாமாகத் தருவதில்லை. உள்ள வலிமையை வீணாக்காமல் செலவிட உதவுகிறது, அவ்வளவே.

அக்காலப் பந்தய வீரர் கியர் மாற்றிய விதம் இன்று நமக்குச் சிரிப்பை உண்டாக்கும். பின்சக்கரத்தின் இரு பக்கத்திலும் இரு வேறு அளவுள்ள பற்சக்கரங்கள் இருந்தன. மலையடிவாரத்தில் இறங்கி, திருகுகளைத் தளர்த்தி, சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டிக்கொண்டு ஏற வேண்டும். இத்தாலிய வீரர் துல்லியோ கம்பஞோலோவைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. 1920-களில் ஒரு நாள் பனி கொட்டும் மலைக்கணவாயில் அவருடைய விரல்கள் விறைத்துப் போயின. திருகைத் தளர்த்த முடியாமல் வெற்றியை இழந்தார் என்பர். கதை எப்படியாயினும், நெம்பைத் தட்டினால் சக்கரம் கழலும் அமைப்பை அவர் உருவாக்கியதும், 1933-இல் விசென்சா நகரில் தொழிற்சாலை தொடங்கியதும் வரலாறு. கியர்க் கருவிகளின் வரலாற்றில் கைவிரல் முதன்முதலாகப் பேசப்படும் இடம் இது. அதுவும் ஆண்மகனின் விரல்!

சங்கிலியை ஒரு பற்சக்கரத்திலிருந்து பக்கத்துப் பற்சக்கரத்துக்குத் தள்ளும் கருவிக்கு ‘டெராய்லர்’ என்று பெயர். தண்டவாளத்திலிருந்து தடம் புரளச் செய்வது என்ற பொருளுள்ள பிரெஞ்சுச் சொல் அது. தூர் பந்தயத்தில் இதற்கு அனுமதி கிடைத்தது 1937-இல்தான். மார்த் ஹெஸ் மலையேறி 35 ஆண்டுகள் கழிந்திருந்தன.

பிறகு நிறுவனங்களின் போட்டி தொடங்கியது. பிரான்சின் சிம்ப்ளெக்சும் யூரேயும் முன்னணியில் நின்றன. 1950-ஐ ஒட்டி கம்பஞோலோ வெளியிட்ட ‘கிரான் ஸ்போர்ட்’ கருவி இணைகர வடிவில் நான்கு மூட்டுகளோடு அசைந்து சங்கிலியை ஒழுங்காக நகர்த்தியது. 1964-இல் ஜப்பானின் சன்டூர் நிறுவனம் அந்த இணைகரத்தைச் சற்றே சாய்த்து வைத்தது. சிறிய மாறுதல்தான். ஆனால் பற்சக்கரங்கள் படிப்படியாகப் பெரிதாகிச் செல்வதால், சாய்ந்த கருவி ஒவ்வொரு பல்வரிசைக்கும் ஒரே இடைவெளியில் நின்று வேலை செய்தது. பின்னர் மற்ற நிறுவனங்களின் கருவிகள் பலவற்றிலும் சன்டூரின் அந்தச் சாய்வு இடம் பெற்றது. சன்டூரோ 1990-களில் பந்தய மிதிவண்டிகளிலிருந்து மறைந்தே போயிற்று.

இத்தனை காலமும் கியர் நெம்புகோல் பெரும்பாலும் வண்டிச் சட்டத்தின் கீழ்ச் சாய்குழாயில்தான் இருந்தது. கியர் மாற்ற வேண்டுமென்றால் ஒரு கையைக் கைப்பிடியிலிருந்து எடுத்து, குனிந்து, கையைக் கீழே நீட்ட வேண்டும். நெம்புகோலை எவ்வளவு தள்ளுவது என்பதும் அனுபவத்தால் அறிய வேண்டியது. உயரமானவருக்கு இது எளிது. குட்டையான கை உடையவர், ஆணுக்கென அமைத்த நீண்ட வண்டியில் ஏற்கெனவே எட்டிப் பிடித்துக்கொண்டிருப்பவர், ஏற்றத்தின் நடுவில் ஒற்றைக் கையில் வண்டியைச் சமாளிப்பது எப்படியிருக்கும் என்று வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம்.

ஆனால் நிறுவனங்கள் அதை எண்ணிப் பார்க்க அவசரப்படவில்லை. பெண்களுக்கெனப் பந்தயங்களே அரிதாயிருந்த காலம் அது. 1955-இல் பிரான்சில் பெண்களுக்கு ஐந்து நாள் பந்தயம் ஒன்று நடந்தது; மில்லி ராபின்சன் வென்றார்; மறு ஆண்டு அது நடக்கவில்லை. ஒலிம்பிக் சாலைப் பந்தயத்தில் ஆண்கள் 1896 முதல் ஓட்டி வந்தார்கள். பெண்களுக்கு அந்த வாய்ப்பு 1984-இல்தான் கிடைத்தது. அதே ஆண்டில் பெண்களுக்கான தூர் பந்தயமும் தொடங்கியது. அமெரிக்காவின் மரியான் மார்ட்டின் வென்றார். அடுத்த ஆண்டு அமெரிக்கப் பொறியாளர் ஜார்ஜினா டெர்ரி, பெண்களின் உடலமைப்பை அளந்து வண்டி கட்டும் நிறுவனத்தைத் தொடங்கினார். முன்சக்கரத்தைச் சிறிதாக்கி, கைப்பிடி எட்டும் தூரத்துக்குள் வரும்படி செய்தார்.

இதே சமயத்தில், 1984-இல், ஜப்பானின் ஷிமானோ பெரிய அடி ஒன்று எடுத்து வைத்தது. நெம்புகோலை ‘கிளிக்’ என்று ஒரு படி நகர்த்தினால் சங்கிலியும் சரியாக ஒரு பற்சக்கரம் நகரும்; தடவிப் பார்க்கத் தேவையில்லை. 1990-இல் அதே நிறுவனம் கியர் நெம்புகோலைப் பிரேக் பிடிக்குள்ளேயே பொருத்தி விட்டது. கை கைப்பிடியை விட்டு அகலாமலே கியர் மாறிற்று. 1992-இல் கம்பஞோலோவும், 2006-இல் அமெரிக்காவின் ஸ்ரேமும் தத்தம் வழியில் இதைச் செய்தன.

மூன்றும் வேலை செய்யும் முறையில் வேறுபாடு உண்டு. வலக் கையை எடுத்துக்கொள்வோம். ஷிமானோவில் பிரேக் பிடியையே உட்பக்கமாகத் தள்ளினால் சங்கிலி பெரிய பற்சக்கரத்தில் ஏறும். அதன் பின்னாலுள்ள சிறு நெம்புகோலைத் தள்ளினால் இறங்கும். கம்பஞோலோவில் ஏற்றுவதற்கு விரல், இறக்குவதற்குக் கட்டைவிரல். ஸ்ரேமில் ஒரே நெம்புகோல்தான். சிறிது தட்டினால் இறங்கும், நெடுகத் தள்ளினால் ஏறும்.

எது சிறந்தது? ஆண்கள் இதைப் பற்றி ஓயாமல் வாதிடுவர். சிறிய கை உடையவருக்கு விடை அளவுகோலில் இருக்கிறது. கம்பஞோலோவின் கட்டைவிரல் நெம்பு பிடியின் மேற்பகுதியில் இருப்பதால், கைப்பிடியின் கீழ் வளைவைப் பற்றியிருக்கும்போது குட்டைக் கட்டைவிரலுக்கு அது எளிதில் எட்டாது. ஷிமானோவின் பழைய பிடிகளில் பெரிய பிடி முழுவதையும் விரல் நுனியால் பக்கவாட்டில் தள்ள வேண்டியிருந்தது. ஸ்ரேமில் நெடுந்தள்ளலுக்கு விரல் கொஞ்சம் அதிகமாகப் பயணம் செய்ய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகப் பிரேக் பிடி கைப்பிடியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்பது முக்கியம். மலையிறக்கத்தில் விரல் நுனியால் மட்டும் பிரேக்கைத் தொட்டுக்கொண்டு வருவது உயிரோடு விளையாடுவதாகும். 2000-களின் நடுவில் ஷிமானோ, சிறிய கைகளுக்கென ‘ஆர் 700’ பிடிகளைக் கொண்டு வந்தது. உள்ளே சிறு ஆப்பு ஒன்றைச் செருகினால் பிடி விரலுக்கு அருகில் வந்து விடும். ஆப்பு ஒன்று செய்ய இத்தனை ஆண்டுகளா என்று கேட்கத் தோன்றுகிறது.

இன்னொரு குறையையும் சொல்லியாக வேண்டும். பெண்களுக்கென விற்ற வண்டிகள் பலவற்றில், அதே விலையுள்ள ஆண்களின் வண்டியைவிட ஒரு படி தாழ்ந்த கியர்க் கருவிகளைப் பொருத்தி, வண்ணத்தை மட்டும் மாற்றி விடும் வழக்கம் இருந்தது. ஆகவே வண்டி வாங்குபவர் சட்டத்தில் எழுதிய பெயரைப் பார்ப்பதோடு நிற்காமல், கருவியின் தரவரிசையையும் பற்களின் எண்ணிக்கையையும் பார்ப்பது நல்லது. 1970-களின் பந்தய வண்டியில் மிக எளிய கியர் முன்னே 42, பின்னே 24 என்ற அளவில் இருந்தது. ஒரு மிதிக்கு 3.7 மீட்டர். மேலே சொன்ன 34-க்கு 34 என்ற கியரில் அதே ஏற்றத்துக்கு ஏழில் நான்கு பங்கு விசை போதும். இப்போது அந்த எளிய கியரை ஆண் வீரர்களும் கூச்சமின்றிப் பயன்படுத்துகின்றனர். தெகிராஞ்சு இருந்தால் என்ன சொல்வாரோ!

2009-இல் ஷிமானோ மின்சாரத்தால் இயங்கும் கியரைச் சாலை வண்டிகளுக்குக் கொண்டு வந்தது. 2015-இல் ஸ்ரேம் கம்பியே இல்லாமல் வானொலி அலையால் இயங்கும் கியரை வெளியிட்டது. இவற்றில் சிறு மோட்டார்தான் சங்கிலியைத் தள்ளுகிறது. விரல் பொத்தானைத் தொட்டால் போதும். விரல் வலிமை பற்றிய பழைய வழக்கு இத்துடன் தள்ளுபடியாயிற்று. பிடி எட்டுமா என்ற கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது.

பெண்களின் தூர் பந்தயம் பல தடங்கல்களுக்குப் பிறகு 2022-இல் மீண்டும் உயிர் பெற்றது. 2024-இல் அதன் கடைசி நாள் ஆல்ப் துவே மலையுச்சியில் முடிந்தது. போலந்தின் கத்தார்சினா நியெவியாடோமா, நெதர்லாந்தின் டெமி வொல்லரிங் இருவருக்கும் இடையே மொத்த நேர வித்தியாசம் 4 விநாடி. வென்றவர் நியெவியாடோமா, அவருடைய அணியின் பெயரிலேயே ஸ்ரேம் இருந்தது. தோற்ற வொல்லரிங்கின் வண்டியில் இருந்ததும் ஸ்ரேம் கியரே.