புகையை அளக்கக் கற்றுக்கொடுத்த போரூர்

பதிவு கொஞ்சம் நீளம். சாயங்காலம் டீ குடிக்கும்போது நிதானமாகப் படியுங்கள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஃபவுண்டரியிலும் பெயின்ட் ஷாப்பிலும் வேலை பார்க்கும் என் பழைய மாணவர்கள் பலர் இதைப் படிப்பீர்கள். எட்டு மணி நேர ஷிஃப்டில் எத்தனை பீஸ் போட்டீர்கள் என்பதற்குக் கணக்கு உண்டு. எவ்வளவு தூசு உள்ளே போனது என்பதற்கு யாரிடம் கணக்கு? அந்தக் கணக்கைப் போடத் தெரிந்தவர்களை நம் பக்கத்திலேயே, போரூரில், உருவாக்கிய கதை இது.

நம் பகுதி தொழிற்சாலைப் பகுதியாகி எழுபது வருஷம் ஆகப்போகிறது. ஆவடி டேங்க் ஃபேக்டரி 1961-இல் வந்தது. அறுபதுகளிலேயே அம்பத்தூர் எஸ்டேட்டும் வந்தது. தொழிற்சாலைச் சட்டம் அதற்கும் முன்னால், 1948-லேயே இருந்தது. ஆனாலும் 1984 டிசம்பரில் போபாலில் விஷவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் செத்த பிறகுதான், 1987-இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, எந்த ரசாயனம் வேலையிடக் காற்றில் எவ்வளவு வரை இருக்கலாம் என்று அட்டவணை போட்டார்கள்.

அட்டவணை வந்துவிட்டது, அளக்க ஆள் வேண்டாமா? டாக்டர் நோய் வந்தபின் பார்ப்பார். இன்ஜினீயர் மெஷினைப் பார்ப்பார். இரண்டுக்கும் நடுவே நின்று, ஒரு மனிதன் மூச்சில் என்ன போகிறது என்று பார்க்கிற படிப்பு நம் நாட்டில் அரிது. அகமதாபாத்தில் தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனம் இருந்தது. இத்தனை பெரிய நாட்டுக்கு அது எந்த மூலைக்கு?

1995-இல் அமெரிக்க அரசின் ஃபோகார்ட்டி மையம், வளரும் நாடுகளில் சுற்றுச்சூழல், தொழில்சார் சுகாதார ஆய்வாளர்களைப் பயிற்றுவிக்க ஒரு திட்டம் தொடங்கியது. அந்த ஃபோகார்ட்டி யார் தெரியுமா? செங்கல் அடுக்கும் கொத்தனாராக இருந்து, தொழிற்சங்கத் தலைவராகி, அமெரிக்க காங்கிரஸுக்குப் போனவர். பொருத்தமான பெயர்தான். நம் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்க அவர்கள் வரிப்பணம் வேண்டியிருந்தது என்பது மட்டும் எனக்கு இன்னும் உறுத்தல்.

போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரி தொடங்கியது 1985-இல். அங்கே சுற்றுச்சூழல் சுகாதாரப் பொறியியல் துறையைக் கட்டி வளர்த்தவர் டாக்டர் கல்பனா பாலகிருஷ்ணன். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கியவர், அங்கேயே தங்கிவிடவில்லை. அவரோடு நெடுங்காலம் கைகோத்தவர் பெர்க்லி பேராசிரியர் கிர்க் ஸ்மித். எண்பதுகளின் தொடக்கத்திலேயே குஜராத் கிராமங்களில் அடுப்புப் புகையை அளந்தவர். 2020-இல் காலமானார்.

அளப்பது எப்படி என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் சொல்லிவிடலாம். இடுப்பில் ஒரு சின்ன பம்ப், சட்டைக் காலர் பக்கத்தில் ஒரு வடிதாள். நாம் மூச்சு விடும் இடத்துக் காற்றை பம்ப் இழுக்கும், தூசு தாளில் படியும். முன்னும் பின்னும் தாளை எடை போட்டால் தூசின் எடை கிடைக்கும். ஆனால் அந்த எடை மைக்ரோகிராமில். அறையின் ஈரப்பதம் மாறினாலே தாளின் எடை மாறிவிடும். அதோடு, சமைத்தது எத்தனை நேரம், வெளியே இருந்தது எத்தனை நேரம் என்று அந்த அம்மாவிடம் பொறுமையாகக் கேட்டு எழுத வேண்டும். பயிற்சி வேண்டியிருப்பது இங்கேதான். புத்தகம் படித்து வருகிற வேலை இல்லை.

அப்படி தமிழ்நாட்டின் நான்கு மாவட்டங்களில் 436 கிராமத்து வீடுகளில் அளந்து 2002-இல் வெளியிட்டார்கள். விறகில் சமைத்த பெண்களுக்கு ஒரு நாள் சராசரி, ஒரு கன மீட்டர் காற்றுக்கு 231 மைக்ரோகிராம் தூசு. கேஸ் போன்ற எரிபொருள் இருந்த வீடுகளில் 82. நம் அம்மாக்கள் ஊதுகுழலோடு இருமிக்கொண்டே இருந்தார்களே, அதற்கு ஓர் எண் கிடைத்தது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கர்ப்பிணிகளுக்குக் கேஸ் அடுப்பு கொடுத்தால் குழந்தையின் எடை கூடுமா என்று இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளில் 3,200 பெண்களிடம் ஆய்வு நடந்தது. இந்தியப் பகுதி போரூர்க் குழுவின் பொறுப்பு. தூசு நடுமதிப்பு விறகு வீடுகளில் 70.7, கேஸ் வீடுகளில் 23.9. நல்ல இறக்கம். ஆனால் குழந்தைகளின் எடையில் வித்தியாசம் சுமார் 20 கிராம்தான். புள்ளியியல்படி அதை வித்தியாசம் என்றே சொல்ல முடியாது. எதிர்பார்த்தது வரவில்லை என்பதை 2022-இல் அப்படியே வெளியிட்டார்கள். கேஸ் வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. பிறப்பு எடை என்ற ஒரே கேள்விக்கான பதில் அது. ஆசைப்பட்ட விடை வராதபோதும் வந்ததை எழுதுகிறவர்தான் ஆய்வாளர் என்று நினைக்கிறேன். நம் வகுப்பு லேபில் விடைக்கு ஏற்ப ரீடிங்கை மாற்றி எழுதுவீர்களே, ஞாபகம் இருக்கிறதா?

இப்போது அதே துறையில் டாக்டர் வித்யா வேணுகோபால் குழுவினர் வெயிலை அளக்கிறார்கள். உப்பளத்தில், வயலில், சூளையில் நிற்பவர்களின் உடம்பு என்ன ஆகிறது என்று. 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து பார்த்ததில், கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு ஆபத்து இரண்டு மடங்கு என்று தெரிய வந்தது. ஃபர்னஸ் பக்கம் நிற்கும் மாணவர்களே, உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வீட்டில் ப்ளஸ் டூ சயின்ஸ் குரூப் பிள்ளை இருந்தால் நீட், இன்ஜினீயரிங் தவிர இப்படி ஒரு துறை இருப்பதைச் சொல்லுங்கள். இண்டஸ்ட்ரியல் ஹைஜீன் என்ற பெயரில் தேடச் சொல்லுங்கள். பூந்தமல்லியிலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச தூரம்தான். விசாரித்தவர்கள் கமென்டில் எழுதுங்கள், மற்றவர்களுக்கும் உதவும்.